கயிற்றால் தைத்த கலம்

மரக்கலம் என்றதும், பலகைகளை ஆணியால் அறைந்து இணைத்த ஒன்றே நம் நினைவில் எழுகிறது. குமரி மாவட்டக் கடற்கரையின் பழைய கலங்கள் அவ்வாறு அமைந்தவை அல்ல. பாய் விரித்து ஓடிய கட்டுமரம், பெயருக்கேற்பக் கட்டப்பட்டது. கரைமடி வலை வளைக்கச் சென்ற பலகை வள்ளங்களுள் பல, துணியைப் போலத் தைக்கப்பட்டவை. இரண்டிலும் ஆணி செய்ய வேண்டிய வேலையைக் கயிறே செய்தது.

இதை இரும்பு கிடைக்காத காலத்து ஏழைமை என்று கருதுவோர் உண்டு. அக்கருத்து பொருந்தாது. துறைமுகம் இல்லாத மணற்கரையில், உடைந்து சீறும் அலையின்மீதே படகு இறங்கவும் ஏறவும் வேண்டும். ஆணியடித்த விறைப்பான உடல் ஒவ்வொரு மோதலிலும் அதிரும், இணைப்பு தளரும். தைத்த உடலோ சற்றே நெகிழ்ந்து அடியை வாங்கிக்கொள்ளும். சென்னையில் துறைமுகம் அமையும் முன்னர், கப்பலில் வந்தோரை அலை தாண்டிக் கரை சேர்த்த மசூலாப் படகுகளும் தைத்தவையே. இரும்பு உப்புநீரில் துருப்பிடிக்கும். தென்னங்கயிறு எளிதில் மட்காது. இம்மாவட்டத்தார் கதம்பை என்று சொல்லும் தேங்காய் மட்டையைக் காயல்களிலும் ஏ.வி.எம். கால்வாயிலும் மாதக்கணக்கில் ஊறவிட்டு, அடித்துத் தும்பெடுத்துத் திரித்த கயிறு அது.

தைக்கும் முறை பொறுமை மிக்கது. அயனி போன்ற மரத்தின் பலகைகளை விளிம்போடு விளிம்பு பொருத்துவர். இரு விளிம்புகளிலும் வரிசையாகத் துளையிடுவர். இணைப்பின்மீது தும்பை நீளத் திணித்து வைத்து, அதனை அழுத்தும்படி கயிற்றைக் குறுக்கும் மறுக்குமாகக் கோப்பர். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் என இருவர் இழுத்தால்தான் தையல் இறுகும். பின்னர்த் துளைகளைத் தும்பாலும் குங்கிலியத்தாலும் அடைத்து, உடல் முழுவதும் மீனெண்ணெய் பூசுவர்.

பழுதுபார்த்தலும் இம்முறையிலேயே அடங்கியிருக்கிறது. கயிறு நைந்ததும் தையலைப் பிரிப்பர். உளுத்த பலகையை மட்டும் நீக்கி, நல்லவற்றை மீண்டும் தைப்பர். ஆணியடித்த பலகையைக் கழற்றினால் துளையைச் சுற்றி மரம் பிளக்கும்; இங்கே பலகைக்குச் சேதமில்லை. படகு பிரிக்கப்படும் போதெல்லாம் இளையவர் ஒருவர் மூத்தவர் அருகிலிருந்து முடிச்சைக் கற்றார். ஏட்டில் எவரும் வரைந்து வைக்கவில்லை. வரைய வேண்டிய தேவையும் எழவில்லை.

அத்தேவை பின்னர் எழுந்தது. கட்டுமரத்துக்குரிய பருத்த, எடை குறைந்த மரங்கள் அரிதாயின. 1980களில் முட்டத்தில் ஒட்டுப்பலகைப் படகுகள் கட்டப்பட்டன. வெளிப்பொருத்து இயந்திரங்களும் கண்ணாடியிழைப் படகுகளும் பரவின. மீனவர் இவற்றை ஏற்றதில் குறைகாண இடமில்லை; உழைப்பு குறைந்தது, தொலைவில் சென்று மீன்பிடிக்கவும் முடிந்தது. ஆனால், பிரித்துத் தைக்கப் படகு இல்லாத ஊரில் தையல் கற்கவும் வழியில்லாமற் போயிற்று.

பழைய மரக்கலம் ஒன்றை மீட்பது எவ்வளவு கடினம் என்பதை அண்மைய முயற்சி ஒன்று காட்டுகிறது. அஜந்தா ஓவியத்தில் 5ஆம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்று தீட்டப்பட்டுள்ளது. அதனை மீண்டும் கட்டுவதற்கு 2023 சூலையில் மத்தியப் பண்பாட்டு அமைச்சகமும், இந்தியக் கடற்படையும், கோவாவின் ஹோடி இன்னோவேஷன்ஸ் நிறுவனமும் உடன்பட்டன. கையில் இருந்தது ஓவியம் மட்டுமே. மிஞ்சிய உடலும் இல்லை, வரைபடமும் இல்லை. சதுரப் பாய்களும் திசைதிருப்பும் துடுப்புகளும் கொண்ட அக்கலம் நீரில் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கடல்சார் பொறியியல் துறை மாதிரி வைத்துச் சோதித்தது. கணக்கீட்டால் வடிவம் கிடைத்தது, தையல் கிடைக்கவில்லை. அதற்குக் கேரளத்தின் பாபு சங்கரன் தலைமையிலான கைவினைஞர்களையே நாட வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான தையல்களை அவர்கள் கையாலேயே இட்டனர்.

2025 பிப்ரவரியில் நீரில் இறங்கிய அக்கலம், மே 21 அன்று கார்வாரில் 'கௌண்டின்யா' என்னும் பெயருடன் கடற்படையில் சேர்ந்தது. அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் போர்பந்தரிலிருந்து பாய் விரித்துப் புறப்பட்டு, அடுத்த சனவரியில் ஓமன் நாட்டின் மஸ்கட்டை அடைந்தது.