தேர் எவ்வளவு நகர்ந்தது? வீடியோவைச் சுருக்கும் வேகத் தேடல்

இந்தக் கிழமை பொட்காஸ்டில் வீடியோ சுருக்கம் பற்றிக் கதைச்சம். அதில் வந்த "மோஷன் எஸ்டிமேஷன்", அதாவது அசைவைக் கணிக்கிற வேலை, காதால் கேட்டு விளங்கிறது கஷ்டம். அதனால எண்களோட எழுதித் தாறன்.

ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேர்த்திருவிழா வீடியோவை நினைச்சுப் பாருங்கோ. செக்கனுக்கு 25 படங்கள். ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் தேர் சில புள்ளிகள்தான் நகரும். ஒவ்வொரு படத்திலும் முழுத் தேரையும் புதுசா அனுப்புவது வீண். "முந்தின படத்தில் இருந்த அதே துண்டு, வலப்பக்கம் 3 புள்ளி, மேலே 1 புள்ளி" எண்டு சொல்லி, மிச்ச வித்தியாசத்தை மட்டும் சேர்த்து அனுப்பினால் போதும்.

அந்த 3, 1 எண்டதை ஆர் கண்டுபிடிக்கிறது? என்கோடர்தான். படத்தை 16×16 புள்ளித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் முந்தின படத்தில் தேடும். நாலு பக்கமும் 7 புள்ளி வரை தேடினால் 15×15 = 225 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் 256 புள்ளிகளை ஒப்பிட வேண்டும். 720×576 அளவுள்ள பழைய தொலைக்காட்சிப் படத்தில் 1620 துண்டுகள். பெருக்கினால் செக்கனுக்கு ஏறக்குறைய 233 கோடி ஒப்பீடு. நீங்கள் பள்ளிக்கூடத்தில் படிச்ச மாதிரிச் சொன்னால் 2.3 மில்லியார்டன்.

1981 இல் வந்த மூன்று படித் தேடல் இதைக் குறைத்தது. முதலில் நடுப்புள்ளியையும், 4 புள்ளி தள்ளிச் சுற்றியுள்ள 8 இடங்களையும் மட்டும் பார். நல்லாப் பொருந்துகிற இடத்துக்குப் போ. அங்கிருந்து 2 புள்ளி தள்ளிப் பார், பிறகு 1. மொத்தம் 9+8+8 = 25 இடங்கள். வேலை ஒன்பதில் ஒன்று!

ஆனால் ஒரு சிக்கல். சரியான இடத்தை நெருங்க நெருங்க வித்தியாசம் குறையும் எண்ட நம்பிக்கையில்தான் இது ஓடுது. கட்டம் போட்ட சேலை வந்தால் தேடல் ஏமாறும். ஒரே மாதிரிக் கட்டங்கள் பல இடத்தில் இருக்கும். அப்பவும் படம் பிழையாகாது. மிச்ச வித்தியாசம் கூடும், அதனால டேற்றா கூடும். யாழ்ப்பாணத்தில் இருக்கிற அம்மம்மாவுடன் வீடியோ கோல் கதைக்கேக்க, உங்கட போன் ஒவ்வொரு படத்தையும் 40 மில்லிசெக்கனுக்குள் முடிக்க வேணும். நிதானமாத் தேட நேரமில்லை. அவவின்ர பக்கம் டேற்றாவும் குறைவு.

அதனால பிறகு வந்த முறைகள் பக்கத்துத் துண்டுகளையும் கேட்கும். தேரின் ஒரு துண்டு வலப்பக்கம் போனால் மற்றதும் அங்கேதானே போகும்? அந்த இடத்திலிருந்தே தேடலைத் தொடங்கும்.

பெர்லினில் உள்ள பிரவுன்ஹோஃபர் ஹைன்ரிஷ் ஹேர்ட்ஸ் நிறுவனத்துக்கு எச்.264, எச்இவிசி, 2020 இல் முடிந்த விவிசி ஆகிய மூன்று தரங்களிலும் பெரும் பங்கு உண்டு. 2017 முதல் ஜேர்மனியில் அன்ரெனா வழி வரும் எச்டி தொலைக்காட்சி எச்இவிசியில்தான் ஓடுது. இதில் கவனிக்க வேண்டியது: சுருக்கிய வீடியோவை எப்படி வாசிப்பது எண்டுதான் தரம் சொல்லும், எப்படித் தேடுவது எண்டு சொல்லாது. அந்த இடம் எல்லோருக்கும் திறந்திருக்கு, உங்களுக்கும்தான்.

வீட்டு வேலை: எக்ஸ்264 என்ற திறந்த மூல மென்பொருளில் ஒரே கிளிப்பை, ஒரே தர அளவில், டயமண்ட் தேடலிலும் முழுத்தேடலிலும் சுருக்குங்கோ. நேரத்தையும் கோப்பின் அளவையும் எழுதி வையுங்கோ. கூடச் செலவழிச்ச நேரத்துக்கு எவ்வளவு லாபம்? அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்ப்பம்.