வந்து மறையும் பழுது: பழைய காரின் எஞ்சினைச் சோதிக்கும் முறை

இருப்பாய்வின் இரு பக்கமும் ஒவ்வாதபோது, தேர்ந்த கணக்கர் பேரேடு முழுவதையும் மறுபடி எழுதத் தொடங்குவதில்லை. வேறுபாட்டுத் தொகையையே முதலில் நோக்குவார். அது 9-ஆல் மீதியின்றி வகுபடுமானால், ஏதோ ஓர் எண்ணில் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 540 என்பதை 450 என்று எழுதினால் வேறுபாடு 90. வேறுபாட்டின் சரிபாதித் தொகை ஏட்டில் எங்கேனும் தென்பட்டால், ஒரு பதிவு பற்றுக்குப் பதில் வரவில் ஏறியிருக்கலாம். பிழையின் உருவமே அதன் இடத்தைச் சுட்டுகிறது. பழைய காரின் எஞ்சினில் வந்து வந்து மறையும் பழுதுக்கும் இந்நெறி பொருந்தும்.

இத்தகைய பழுதின் தொல்லை, பணிமனைக்குப் போனதும் அது ஒளிந்துகொள்வதே. எஞ்சின் சீராக ஓடும்; மெக்கானிக் ஊகத்தால் பிளக்கை மாற்றுவார்; அடுத்த முறை காயில், அதற்கடுத்து பெட்ரோல் பம்ப். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் சில நாள் வண்டி ஓடுவதால் பழுது தீர்ந்ததாகத் தோன்றும். செலவு மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

பத்மினி கற்பித்த பாடம்

ஆண்டாப் ஹில், வடாலா, சயான் பகுதிகளில் பிரீமியர் பத்மினி டாக்சி ஓட்டியவர்களுக்கு இக்கலை புதிதன்று. அருகிலுள்ள குர்லா ஆலையில் உருவான அவ்வண்டியின் எஞ்சின் 1,089 கன செ.மீ. கொள்ளளவுடையது, கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் கொண்டது. மும்பையில் கடைசிப் பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29 அன்று பதிவானது. டாக்சிகளுக்கு 20 ஆண்டு வயது வரம்பு இருந்ததால், 2023 அக்டோபர் 30 முதல் அவை சாலையிலிருந்து விடைபெற்றன.

கோடை நெரிசலில் பத்மினி நின்றால், ஓட்டுநர் ஈரத்துணியைப் பெட்ரோல் பம்பின் மேல் சுற்றுவார். சூட்டில் ஆவியாகி வழியை அடைத்த பெட்ரோல் குளிர்ந்து மீண்டும் நீர்மமாகும், வண்டி கிளம்பும். அது கைவைத்தியம் மட்டுமன்று. ஒரு சோதனையும் ஆகும். குளிரூட்டியதும் கிளம்பினால் காரணம் வெப்பம் என்பது மெய்ப்பிக்கப்படுகிறது.

முதற்கருவி ஒரு குறிப்பேடு

ஸ்கேனரைத் தேடுமுன், வண்டியிலேயே ஒரு சிறு குறிப்பேட்டை வைத்துக்கொள்ளுதல் நன்று. பழுது நேரும் ஒவ்வொரு முறையும் நான்கு செய்திகளைப் பதிய வேண்டும்.

ஒன்று, எஞ்சின் குளிர்ந்திருந்ததா, சூடாயிருந்ததா? சூட்டில் மட்டும் நின்று, 20 நிமிடம் ஆறியபின் கிளம்பினால், இக்னிஷன் காயில், கிராங்க் சென்சார், பெட்ரோல் பம்ப் ஆகியவை ஐயத்துக்குரியவை.

இரண்டு, மழையா, வெயிலா? ஈரத்தில் மட்டும் நடுங்கி ஓடினால், பிளக் வயர்களிலும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் மின்சாரம் கசிகிறதா என்று காணவேண்டும்.

மூன்று, பள்ளம், வேகத்தடை, வளைவு ஆகியவற்றில் நேர்ந்ததா? அதிர்வில் வருவது பெரும்பாலும் தளர்ந்த இணைப்போ எர்த் வயரோ ஆகும். வளைவிலும் ஏற்றத்திலும் மட்டும், அதுவும் டாங்கில் பெட்ரோல் குறைந்திருக்கையில் வந்தால், எரிபொருள் வழியை நோக்கலாம்.

நான்கு, எப்படி நின்றது? சாவியைத் திருப்பியதுபோல் சட்டென நின்றால் மின்சுற்றின் மீதும், இழுத்து இழுத்துத் தயங்கி நின்றால் எரிபொருளின் மீதும் முதல் ஐயம் எழ வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

2007-ல் வாங்கிய ஒரு சிறு பெட்ரோல் காரைக் கொள்வோம். வடாலா நெரிசலில் 40 நிமிடம் ஊர்ந்தபின் சட்டென நிற்கிறது, ஆறியதும் கிளம்புகிறது, மழைக்கும் பள்ளத்துக்கும் தொடர்பில்லை. ஆகவே வெப்பமும் மின்சுற்றும் ஒருசேரச் சுட்டப்படுகின்றன.

நின்ற நிலையிலேயே இரண்டைக் கவனிக்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் பின்னிருக்கைப் பக்கமிருந்து பெட்ரோல் பம்பின் மெல்லிய ரீங்காரம் ஓரிரு நொடி கேட்கிறதா? கேட்டால் பம்புக்கு மின்சாரம் வருகிறது. ஸ்டார்ட்டர் சுழலும்போது எஞ்சின் சுழற்சி காட்டும் முள் அசைகிறதா? முள் சுழியிலேயே கிடந்தால், எஞ்சின் சுழல்வதைக் கட்டுப்பாட்டுப் பெட்டி அறியவில்லை என்று ஐயுறலாம்; அச்செய்தியைத் தருவது கிராங்க் சென்சார்.

இங்கும் உடனே சென்சாரை மாற்றலாகாது. அதன் வயரையும் செருகியையும் முதலில் ஆராய வேண்டும். உப்பளங்களுக்கு அருகிலுள்ள ஆண்டாப் ஹில்லின் காற்றில் செருகிகளின் முனைகள் எளிதில் பச்சை பூக்கும். பேட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட்டும், எஞ்சின் ஓடுகையில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரையும் காட்ட வேண்டும். ஸ்டார்ட்டர் சுழலும்போது பேட்டரியின் எதிர்முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே மல்டிமீட்டர் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பு பழுதானது.

இவை சரியெனில், நின்ற வண்டியின் சென்சாரை ஈரத்துணியால் குளிரூட்டிப் பார்க்கலாம். உடனே கிளம்பினால், பின்னர் தலைமுடி உலர்த்தியால் அதைச் சூடேற்றி, பழுதை வேண்டுமென்றே வரவழைக்க வேண்டும். சூட்டில் நின்று குளிரில் கிளம்புவது திரும்பத் திரும்ப நிகழ்ந்தால் தீர்ப்பு உறுதி. வரவழைக்க முடியாத பழுதை நீக்கிவிட்டதாகச் சொல்ல முடியாது.

ஸ்கேனர் சொல்வதும் சொல்லாததும்

இந்தியாவில் கார்களுக்கு ஓ.பி.டி. முறை 2010 ஏப்ரலில் முதற்கட்டமாகவும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமாகவும் கட்டாயமாயிற்று. அதற்கு முந்தைய வண்டிகளில் ஸ்கேனர் எதையும் காட்டாமல் போகலாம். காட்டினாலும் குறியீடு சுட்டுவது மின்சுற்றையே. பி0335 என்று வந்தால் கிராங்க் சென்சாரின் சுற்றில் குறை என்பது பொருள். வயர், செருகி, சென்சார் ஆகிய மூன்றில் எதுவும் காரணமாகலாம்.

பழைய வண்டிகளில் எத்தனால் கலந்த பெட்ரோலையும் கருத வேண்டும். எத்தனால் நீரை ஈர்க்கும். டாங்கில் படிந்த கசடை இளக்கி ஃபில்டரை அடைக்கும். பழைய ரப்பர் குழாய்களை நலிவிக்கும். ஆகையால் மழைக்காலத்துக்கு முன் ஃபில்டரையும் குழாய்களையும் பார்த்துக்கொள்வது நலம்.

உயிரும் பணமும்

கிழக்கு ஃப்ரீவே போன்ற விரைவுச் சாலையில் எஞ்சின் நிற்பது உயிருக்கே ஊறு. பிரேக்குக்கு உதவும் வெற்றிட விசை ஓரிரு மிதிப்பில் தீர்ந்துவிடும். பவர் ஸ்டீயரிங் கனக்கும். எனவே பிரேக்கை விட்டு விட்டு மிதியாமல் ஒரே அழுத்தமாக மிதித்து, எச்சரிக்கை விளக்கிட்டு, இடப்புறம் ஒதுங்க வேண்டும். வண்டி ஓடிக்கொண்டிருக்கையில் சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். பழுது இன்னதென்று தெரியும்வரை அத்தகைய சாலையைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

வழக்கமான மோட்டார் காப்பீடு தேய்மானத்தையும், இயந்திர, மின் பழுதுகளையும் ஏற்காது. வெள்ளநீரில் நின்ற எஞ்சினை மறுபடி கிளப்பிச் சேதப்படுத்தினால், எஞ்சின் பாதுகாப்புக் கூடுதல் திட்டம் இல்லாதவருக்கு இழப்பீடு கிடைப்பது அரிது. சொந்தக் காருக்கு 15 ஆண்டு கடந்தால், ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது.

ஆதலால் பழுதின் காரணம் மெய்ப்பிக்கப்பட்ட பின்னரே ஒரு முடிவுக்கு வரவேண்டும். பாதுகாப்பைத் திரும்பப் பெற ஆகும் செலவு, வண்டியின் இன்றைய சந்தை மதிப்பு, அடுத்த ஆண்டின் புதுப்பிப்பு, காப்பீட்டுச் செலவு ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால், வைத்துக்கொள்வதா, விற்பதா என்பது தெளியும். பணிமனைக்குச் செல்லும்போது, “எதையாவது மாற்றிப் பாருங்கள்” என்று சொல்வதற்கு மாறாகக் குறிப்பேட்டை நீட்டுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள். வண்டியை விற்கும் நாளில் வாங்குபவருக்கு நம்பிக்கை தரும் ஆவணங்களும் அவையே.