அமிர்தசரஸ் போகும் அண்ணாச்சிக்கு

ஆரியசாலை,
திருவனந்தபுரம்.

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

மதினியோடு அமிர்தசரஸ் போகலாம் என்றிருப்பதாக எழுதியிருந்தீர்கள். சீக்கியர் அல்லாதவர்களை உள்ளே விடுவார்களா, சாப்பாட்டுக்கு என்ன வழி, பொற்கோயிலைத் தவிர அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று மூன்று கேள்விகள் கேட்டிருந்தீர்கள். யாரையும் விடுவார்கள், உள்ளேயே வயிறாரச் சோறும் போடுவார்கள். முதல் இரண்டு கேள்விகளும் அத்தோடு தீர்ந்தன. மூன்றாவதற்குத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாலைக் கடைத்தெருவில் இதையே கேட்கிறவர்கள் இன்னும் பலர் உண்டு என்பதால் பத்திரிகையிலேயே எழுதுகிறேன்.

பயணத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நம் ஊரிலிருந்தே வாரம் ஒரு நேர் வண்டி இருக்கிறது. கொச்சுவேளி என்று நாம் சொல்லிவந்த, இப்போது திருவனந்தபுரம் வடக்கு என்று பெயர் மாறிய நிலையத்தில் ஏறினால் கொங்கண் வழியாக அமிர்தசரஸ் கொண்டுபோய்ச் சேர்க்கும். டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டம் வண்டிகளைத் தாமதப்படுத்தும். அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் வயலில் வைக்கோல் எரிக்கும் புகை இருக்கும்; மதினிக்கு இழுப்பு உண்டென்றால் அந்த மாதங்களே வேண்டாம். மார்ச்சில் போங்கள். கோதுமை பச்சையிலிருந்து பொன்னிறத்துக்குத் திரும்பும் பருவம் அது. ஏப்ரல் நடுவில் வைசாகித் திருவிழா வந்துவிட்டால் ஊரில் கால் வைக்க இடம் இருக்காது.

கோயிலுக்குப் போகும்போது தலையை மூட வேண்டும். வாசலில் ஆரஞ்சுத் துணி கிடைக்கும், என்றாலும் கையோடு ஒரு துண்டு கொண்டுபோவது நல்லது. செருப்பை வாங்கி வைக்கும் இடத்தில் கூலிக்கு ஆள் இல்லை. டாக்டரோ கடை முதலாளியோ கல்லூரிப் பெண்ணோ, யாராவது சேவைக்கு நின்று வாங்கி அடுக்குவார்கள். கால் நனைத்துக்கொண்டு போனால் படிகள் கீழே இறங்கும். நம் கோயில்களில் படியேறித்தானே சாமியிடம் போகிறோம்? இங்கே இறங்கிப் போக வேண்டும். நான்கு பக்கமும் வாசல். நான்காம் குரு ராம்தாஸ் 1577 வாக்கில் குளம் வெட்டி ஊரை உண்டாக்கினார். அடுத்து வந்த குரு அர்ஜன் குளத்தின் நடுவே ஹர்மந்திர் சாகிப் என்ற இந்தப் பொற்கோயிலைக் கட்டி 1604-இல் புனித நூலான ஆதி கிரந்தத்தை அங்கே வைத்தார். அந்த நூலில் குருமார்களின் பாடல்களோடு கபீர் என்ற நெசவாளியின் பாட்டும், ரவிதாஸ் என்ற செருப்புத் தைப்பவரின் பாட்டும், ஷேக் ஃபரீத் என்ற முஸ்லிம் ஞானியின் பாட்டும் இருக்கின்றன. விக்கிரகம் எதுவும் கிடையாது, கும்பிடுவது நூலைத்தான். இரவில் அதைப் பல்லக்கில் ஏற்றி எதிரே உள்ள அகால் தக்து என்ற பீடத்துக்குக் கொண்டுபோவார்கள், விடியுமுன் திரும்பக் கொண்டுவருவார்கள். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன் கோட்டைக்கு வருவதையும், கூடவே வேளிமலைக் குமாரசாமி நம் ஆரியசாலையில் வந்து இருப்பதையும் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். அந்தப் பல்லக்கைத் தோளில் தாங்க முண்டுகிறவர்களின் முகம் உங்களுக்குப் புதிதாக இருக்காது.

மேலே போர்த்தியிருக்கும் பொன் மகாராஜா ரஞ்சித் சிங் காலத்தது. அதைப் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டாம். தண்ணீரில் அதன் நிழல் விழுவதைப் பார்த்தபடி எவ்வளவு நேரமும் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் நீங்கள் போக வேண்டியது லங்கருக்கு. அதாவது, குருவின் அடுக்களைக்கு.

கூடத்துக்குள் நுழையும்போதே கையில் தட்டும் கிண்ணமும் கரண்டியும் தந்துவிடுவார்கள். நீளப் பாய்கள் விரித்திருக்கும். பக்கத்தில் யார் வந்து உட்காருகிறார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. பெரிய வாளியில் பருப்பு வரும், காய்கறி வரும், சில நாள் பால்சோறும் வரும். ரொட்டியைத் தட்டில் போடமாட்டார்கள். இரண்டு கையையும் சேர்த்து ஏந்த வேண்டும், ஏந்திய கையில்தான் போடுவார்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம், மிச்சம் வைக்கக் கூடாது. பந்தி எழுந்ததும் தரையைத் துடைத்து அடுத்த பந்தி. இரவும் பகலும் இப்படியே நடக்கும். ஒரு நாளைக்கு ஐம்பதாயிரம் பேருக்குக் குறையாமல் சாப்பிடுகிறார்கள், விசேஷ நாளில் லட்சத்தைத் தாண்டும்.

வெளியே வரும் வழியில் பூண்டு உரிக்கும் இடம் இருக்கும். வட்டமாக உட்கார்ந்து ஊர்பேர் தெரியாதவர்கள் சேர்ந்து உரித்துக்கொண்டிருப்பார்கள். மதினி அங்கே உட்கார்ந்துவிட்டால் எழுப்புவது கஷ்டம். பாத்திரம் கழுவும் இடத்தைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். நீளத் தொட்டிகளின் இருபுறமும் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். ஒரே தட்டு ஒரு தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்குப் போய்ப் பலர் கைபட்டுச் சுத்தமாகும். தங்க வளையல் போட்ட கையும் காய்த்துப்போன கையும் ஒரே சோப்புத் தண்ணீரில் இருக்கும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், இடம் கிடைத்ததும் நின்றுகொள்ளுங்கள்.

நம்மூரிலும் அன்னதானம் உண்டே என்பீர்கள். உண்டு. ஆனால் திருவிதாங்கூர் ஊட்டுப்புரைகளை நினைத்துப் பாருங்கள், அண்ணாச்சி. எல்லாருடைய வரிப்பணத்திலும் பிராமணர்களுக்கு மட்டும் இலை போட்ட மண் இது. இப்படிப்பட்ட பாகுபாட்டை எதிர்த்தும் நம் பக்கத்திலேயே ஆட்கள் எழுந்தார்கள். நம் தெருவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், தைக்காட்டில், ஐயாவு சுவாமிகள் என்ற தமிழர் எல்லாச் சாதியாரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தார். 1867-இல் வடலூரில் வள்ளலார் தருமசாலையைத் திறந்து மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. 1917-இல் செறாயியில் சகோதரன் ஐயப்பன் புலையரோடு ஈழவரை உட்காரவைத்துச் சோறு போட்டதற்காகச் சொந்தச் சாதியாரே அவரை ஒதுக்கினார்கள். நம்மிடம் இப்படி ஒவ்வொருவரும் தனியாக நின்று போராடிச் செய்ததை, அங்கே ஒரு சமூகம் முழுவதும் அன்றாட வழக்கமாக்கிக்கொண்டது. மூன்றாம் குரு அமர்தாஸ், தம்மைப் பார்க்க வருகிறவர் யாராயினும் முதலில் பந்தியில் உட்கார வேண்டும் என்று வைத்திருந்தார். அக்பரும் உட்கார்ந்தார் என்பது அவர்கள் மரபு. நான் அந்த ஊரை மதிப்பது இதற்காகத்தான்.

அந்தப் பந்தி நம் பக்கமும் வந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியுமா? 1924 மார்ச் 30-ஆம் தேதி வைக்கம் சத்தியாக்கிரகம் தொடங்கியது. கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் தாழ்த்தப்பட்டவர்கள் நடக்கக் கூடாது என்ற தடையை எதிர்த்து நடந்த போராட்டம். தலைவர்கள் சிறைக்குப் போனதும் ஈரோட்டிலிருந்து பெரியார் வந்தார். இரண்டு முறை சிறைப்பட்டார், இரண்டாவது முறை நம் திருவனந்தபுரம் மத்திய சிறையில் கடுங்காவல். இதெல்லாம் நமக்குப் பாடம்போலத் தெரியும். அதே ஆண்டு ஏப்ரலில் பஞ்சாபிலிருந்து அகாலிகள் என்ற சீக்கியப் போராளிகள் ரயிலேறி வைக்கம் வந்து தொண்டர்களுக்கு லங்கர் திறந்தார்கள் என்பதைத்தான் பலரும் மறந்துவிட்டோம். அப்போது அவர்கள் வீடே பற்றி எரிந்துகொண்டிருந்தது. குருத்வாராக்களை, அவற்றைக் கைக்குள் வைத்திருந்த மகந்துகளிடமிருந்து மீட்கும் போராட்டத்தில் அடிவாங்கிச் சிறையை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். குட்டநாட்டுக் காவாலத்துக்காரரான கே.எம்.பணிக்கர் அந்தச் சமயம் காந்தியின் சார்பில் அமிர்தசரஸில் அகாலிகளோடு இருந்தார். வைக்கத்துக்கு ஆள் வந்ததில் அவருக்கும் பங்கு உண்டு.

காந்திக்கு இது பிடிக்கவில்லை. இது இந்துக்கள் தங்கள் பாவத்தைத் தாங்களே கழுவ வேண்டிய காரியம், வெளியார் போடும் சோறு தொண்டர்களின் சுயமரியாதைக்கு ஆகாது என்பது அவர் நிலை. லங்கரும் சீக்கிரமே மூடப்பட்டது. அவருடைய கவலை புரிகிறது, ஆனாலும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதை இலவசச் சோறு என்று மட்டும் பார்த்தது போதாது. தெருவில் நடக்கவே கூடாது என்று விலக்கப்பட்டவரும் விலக்கிய சாதியில் பிறந்தவரும் அந்தத் தெருவுக்குப் பக்கத்திலேயே தோளோடு தோள் உட்கார்ந்து உண்டால், அதைவிடப் பெரிய சத்தியாக்கிரகம் எது? 1925 நவம்பரில் போராட்டம் முடிந்தபோதும் மூன்று பக்கத் தெருக்கள்தான் திறந்தன. கோயிலுக்குள் போக 1936 நவம்பர் 12-ஆம் தேதிப் பிரகடனம் வர வேண்டியிருந்தது.

ஜாலியன்வாலா பாக், பொற்கோயிலிலிருந்து நடக்கிற தூரம்தான். சந்துபோன்ற அந்த வழியில் நுழையும்போது, 1919-இல் அங்கே நடந்த படுகொலையைக் கண்டித்து வைஸ்ராயின் நிர்வாக சபைப் பதவியை உதறிய சேற்றூர் சங்கரன் நாயரை நினைத்துக்கொள்ளுங்கள். அவரும் மலையாளக் கரைக்காரர். சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர்.

அகால் தக்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்க வேண்டும். 1984 ஜூனில் ராணுவம் உள்ளே புகுந்தபோது அது சிதைந்தது. அரசாங்கம் திரும்பக் கட்டிக்கொடுத்ததை அவர்கள் ஏற்கவில்லை. 1986-இல் அதை இடித்துவிட்டுத் தங்கள் கைச்சேவையாலேயே மறுபடி கட்டினார்கள். 1984-ஐப் பற்றி அங்கே யாரிடமும் நாமாகக் கேட்க வேண்டாம். சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

பிறகு ஒரு நாள் முழுதும் ஊருக்கு வெளியே போங்கள். தரன்தாரன் சாலையில் ஆட்டோ பிடித்தாலும் போதும். லங்கர் ரொட்டியின் மாவு இந்த வயல்களிலிருந்து வருகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை, வரப்புகூட ஒல்லியாகத்தான் இருக்கும். இந்த விளைச்சலின் பின்னால் நம்மவர் இருவர் இருக்கிறார்கள். பொள்ளாச்சிக்காரரான சி.சுப்பிரமணியம் விவசாய அமைச்சராக இருந்தபோது, 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதையை வரவழைத்தார். எதிர்த்தவர்களுக்குக் காட்டுவதற்காக டில்லியில் தம் பங்களாப் புல்வெளியை உழுது அதையே விதைத்தார். இன்னொருவர் வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன். கும்பகோணத்தில் பிறந்து, நம் பாளையத்தில் இருக்கும் கல்லூரியில் விலங்கியல் படித்துவிட்டு வேளாண்மைக்குப் போனவர்.

கோதுமையோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அரசாங்கம் நிச்சயமாக வாங்கிக்கொள்ளும் என்றதும் நெல்லும் வந்தது. பஞ்சாபிகளுக்கு அன்றாடச் சாப்பாடு ரொட்டிதான். அவர்கள் விளைவிக்கும் நெல்லில் பெரும்பகுதி மத்தியத் தொகுப்புக்குப் போய், அங்கிருந்து நம்மைப் போன்ற மாநிலங்களின் ரேஷன் கடைக்கு வருகிறது. அதற்காக இறைத்த தண்ணீர் மண்ணுக்குத் திரும்பவில்லை. மாநிலத்தின் பெரும்பாலான வட்டாரங்களில் ஊறுவதைவிட இறைப்பது அதிகம். அதனால்தான் ஜூன் 10-க்கு முன் நாற்று நடக் கூடாது என்று 2009-இல் சட்டம் போட்டார்கள். நடவு தள்ளிப்போனால் அறுப்பும் தள்ளிப்போகும். அடுத்து கோதுமை விதைக்க மூன்று வாரம்கூடக் கிடைக்காமல் வைக்கோலுக்குத் தீ வைக்கிறார்கள். டில்லிக்காரர்கள் புகைக்காக அவர்களைத் திட்டுகிறார்கள். அந்த அரிசியைத் தின்கிற நாமும் சேர்ந்து திட்டக் கூடாது என்று நினைக்கிறேன். 2020-இல் வேளாண் சட்டங்களை எதிர்த்து அவர்கள் டிராக்டரோடு டில்லி எல்லையில் போய் உட்கார்ந்தபோதும் முதலில் மூட்டியது லங்கர் அடுப்பைத்தான். காவலுக்கு நின்ற போலீஸ்காரருக்கும் அதில் சாப்பாடு கிடைத்தது.

அரிசி வியாபாரத்திலேயே வாழ்ந்தவர் நீங்கள். மூட்டையில் குத்தூசி போட்டு எடுத்த நாலு மணியைப் பார்த்தே ஊர் சொல்வீர்கள். அங்கேயுள்ள தானிய மண்டிக்கும் போய்வாருங்கள். கமிஷன்காரர்களை அங்கே ஆர்த்தியா என்பார்கள், உங்களோடு தொழில் பேச அவர்களுக்கு மொழி தடையாக இருக்காது. வயலில் யாராவது மோட்டார் போட்டுக்கொண்டிருந்தால் நின்று, போர் எத்தனை அடி இறக்கியிருக்கிறது, அப்பா காலத்தில் எத்தனை அடியில் தண்ணீர் கிடைத்தது என்று கேளுங்கள். வீட்டுக்கு அழைத்து லஸ்ஸி தருவார்கள், மறுக்காதீர்கள். அவர் சொல்லும் கணக்கை எனக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த கட்டுரைக்கு வேண்டும்.

மதினிக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் தம்பி