இளம் சிசு மருத்துவருக்கு

வேளச்சேரி



குறைமாதச் சிசுக்களின் சுவாசத்தைத் தாங்க நம் பகுதி ஆஸ்பத்திரிக்கு, மூச்சுப்பாதையில் இடைவிடாத அழுத்தம் தரும் பபிள் சீபாப் ஏற்றதா, வெண்டிலேட்டர் வழி சீபாப்பா, மூக்கில் வேகமாக வாயு செலுத்தும் ஹை ஃப்ளோவா என்று நீ எழுதிய ஒப்பீட்டை நிதானமாகப் படித்தேன். 2016-ஆம் வருஷத்து ஆய்வில் சிகிச்சைத் தோல்வி ஹை ஃப்ளோவுக்கு 25.5 சதவீதம், சீபாப்புக்கு 13.3 சதவீதம் என்று காட்டியதோடு நில்லாமல், தொண்டையில் குழாய் செருக நேர்ந்த விகிதத்தில் பெரிய பேதமில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னாயே, அந்த நேர்மை அபூர்வமானது; மனம் நிறைந்துபோயிற்று.

ஆயினும் பபிள் கருவியை 'ஏழைகளின் மாற்று' என்றாயே, அதை என்னால் பொறுக்க முடியவில்லை. 1963-இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் குழந்தை, குறைமாதச் சிசுக்களைத் தாக்கும் சுவாச வியாதியால்தான் 39 மணி நேரத்தில் இறந்தது. செல்வமும் அதிகாரமும் வெல்ல முடியாத அந்த வியாதியில், 1971-இல் கிரிகரி என்பவர் இடைவிடாத அழுத்தம் தந்து 20 சிசுக்களில் 16-ஐப் பிழைக்க வைத்தார். அதே அழுத்தத்தை, வெளிமூச்சுக் குழாயின் நுனியைப் புட்டி நீரில் ஐந்து சென்டிமீட்டர் ஆழம் அமிழ்த்திப் பெறும் உபாயத்தைக் கைக்கொண்ட நியூயார்க் கொலம்பியா ஆஸ்பத்திரியிலேயே, எட்டு நிலையங்களை ஒப்பிட்ட 1987-ஆம் வருஷத்து ஆய்வில், நாட்பட்ட நுரையீரல் நோய் மிகக் குறைவாக இருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மின்சாரமின்றித் தவித்த வேளச்சேரிக்காரனான நீ, சிலிண்டர் வாயு உள்ளவரை குமிழி நிற்காது என்பதையாவது நினைத்திருக்கலாம். வாயுவைச் சூடாக்குவதற்கு மட்டும் மின்சாரம் வேண்டும்.

அதைவிட எரிச்சலூட்டியது உன் அட்டவணை. அதில் விலை உண்டு, பிராணவாயுச் செலவு உண்டு. சிசுவின் மூக்கு இல்லை. மூக்கில் பொருத்தும் குழல் தளர்ந்தால் அழுத்தம் கசியும். இறுகினால் மூக்குத்தண்டு வெளுத்துப் புண்ணாகும். குழாயில் குளிர்ந்த ஈரம் சொட்டிச் சொட்டிப் புட்டியின் நீர்மட்டம் உயர்ந்தால், எவரும் கேளாமலே அழுத்தம் ஏறிவிடும். நான் இராப்பணி பார்த்த வார்டில் ஒரு நர்ஸம்மாள், வேறொரு சிசுவுக்குப் பால் புகட்டிக்கொண்டிருக்கும்போதே குமிழிச் சத்தம் அடங்கியதை உணர்ந்து, விரைந்து சென்று, அழுத்தம் கசியும்படி திறந்திருந்த அந்தச் சிசுவின் வாயை மெல்ல மூடி, சத்தம் திரும்பிய பிறகே நகர்வார். அந்த அம்மாள் கற்பித்ததை எந்தப் பேராசிரியரும் எனக்குக் கற்பிக்கவில்லை.

ஆகையால், ஒரு நர்ஸின் பொறுப்பில் எத்தனை சிசுக்கள், எத்தனை சிசுக்களுக்கு மூக்குத்தண்டு புண்ணாயிற்று என்ற இரண்டையும் சேர்த்து எழுது. அவை இல்லாமல் அந்த அட்டவணையை ஆஸ்பத்திரிக் கமிட்டியின் முன் வைக்காதே.