மலை ஊற்று நீரைச் சோதித்தல்

இமயமலைச் சரிவுகளில் உள்ள சிற்றூர்களுள் பல, குடிநீருக்கு ஊற்றுக்களையே நம்பியிருக்கின்றன. குமாவுன் பகுதியில், ஊற்றைத் தேக்கும் கற்கட்டடத் தொட்டியை நௌலா என்பர். குழாய்வாய் வழியே வீழும் ஊற்று தாரா எனப்படும். இந்நீர் பளிங்குபோல் தெளிந்தும் குளிர்ந்தும் இருத்தலால், இதனைச் சோதிக்க வேண்டுவதில்லை என்ற எண்ணம் மக்களிடையே வேரூன்றியுள்ளது. ஆனால் தெளிவு, நீரில் கலங்கல் இல்லை என்பதற்கு மட்டுமே சான்றாகும். டைபாய்டு, காலரா ஆகிய நோய்களின் கிருமிகள் தெளிந்த நீரிலும் இருத்தல் கூடும்.

சோதனை, ஊற்றுக்கு மேலுள்ள சரிவிலேயே தொடங்குகிறது. அங்கே கழிவறைக் குழியோ மாட்டுத் தொழுவமோ எருக்குவியலோ உண்டா என முதலில் நடந்து பார்த்தல் வேண்டும். முசோரியைச் சூழ்ந்துள்ளவை போன்ற சுண்ணாம்புப் பாறைகளில் மழைநீர் வெடிப்புக்கள் வழியே விரைந்து இறங்குகிறது. மணற்படுகையில் வடிவதுபோல் அங்கு வடிவதில்லை. எனவே கோடையில் எடுத்த ஒரு புட்டி நீரைக்கொண்டு ஊற்று நன்று எனத் தீர்ப்பளித்தல் தவறு. பருவமழையின் தொடக்கத்தில் எடுக்கும் நீரே உண்மையை உரைக்கும்.

களப்பணிக்கு ஏற்ற எளிய முறை ஒன்றைக் குவாலியரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் 1982-இல் வெளியிட்டனர். ஊட்டப்பொருள் தோய்த்து உலர்த்திய தாள் உள்ள, கிருமி நீக்கிய புட்டியில், குறியிட்ட அளவுவரை நீரை நிரப்பி மூடிவைத்தல் வேண்டும். மலத்தோடு வரும் பாக்டீரியங்களுட் பல ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கும். அவ்வாயு தாளிலுள்ள இரும்புச் சேர்மத்தோடு கூடியதும் நீர் கறுக்கும்.

மலைநாட்டில் இம்முறைக்குப் பெரும்பகை குளிரே. பாக்டீரியங்கள் பெருகுவதற்கு 30 முதல் 37 டிகிரி சென்டிகிரேடு வரை வெப்பம் வேண்டும். குளிர்ந்த அறையில் இரவு முழுதும் வைத்த புட்டி கறுக்காதிருத்தல் நீரின் தூய்மையைக் காட்டாது. கிருமிகள் வளரவில்லை என்பதையே காட்டும். சட்டையின் உட்பையில், உடலோடு ஒட்டி வைத்துக்கொள்வது நல்ல உபாயம். கந்தக ஊற்றாயின், கிருமியின்றியும் நீர் உடனே கறுத்துவிடும்; அங்கு இம்முறை பயன்படாது.

கறுத்த ஊற்றின் நீரைக் கொதிக்கவைத்தே பருகுமாறு அன்றே ஊராருக்கு அறிவித்தல் வேண்டும். பின்னர் வேறு நீரைக் கிருமி நீக்கிய புட்டியில் எடுத்து, பனிக்கட்டியிட்ட பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்திற்குள் ஆய்வுக்கூடத்தில் சேர்த்தல் வேண்டும். இந்தியத் தர நிர்ணயம் 10500-இன்படி, 100 மில்லிலிட்டர் குடிநீரில் ஈ.கோலி என்னும் பாக்டீரியம் ஒன்றுகூடக் காணப்படலாகாது. நைட்ரேட்டு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. மிகின் கைக்குழந்தைகளின் குருதியில் ஆக்ஸிஜன் ஏந்தும் ஆற்றல் குன்றும்.

வகுப்பில் இச்சோதனையைச் செய்து காட்டும் ஆசிரியர், கறுத்த புட்டியை மாணவர் திறவாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். அதனுள் இருப்பது வளர்ந்து பெருகிய கிருமிக்கூட்டம். சலவைத்தூள் கரைசலை ஊற்றி அரைமணி நேரம் வைத்திருந்து, ஊற்றுக்கும் ஓடைக்கும் அப்பால் குழிதோண்டிக் கொட்டுக.