கடன் மீதிக்கு ‘ஆர்’ கணக்கு

மருதனார்மடம் சந்தையில் கடை போட 10,000 ரூபா கடன் வாங்கியிருக்கிறீர்களா? மாத வட்டி 2 வீதம், தவணை 1,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மாத முடிவு மீதிகளை இலவச மென்பொருளான ‘ஆர்’ மொழியில் பார்க்கலாம்.

• முதலில் 12 இடமுள்ள வெற்று வரிசை அமையுங்கள். சுற்றுக்குச் சுற்று வரிசையை நீட்டினால் வேகம் குறையும்.

• ‘ஃபோர்’ மீள்செய்கையில் முந்தைய மீதியை 1.02ஆல் பெருக்கி, 1,000ஐக் கழியுங்கள். 9,200, 8,384 என்று இறங்கும்.

• 11ஆம் மாத மீதி ஏறத்தாழ 265. அடுத்தது மறை எண்ணாக வரும்; அதாவது, கடைசித் தவணை 270 ரூபா அளவில்தான்.

• ‘ஆர்’ வரிசையின் முதல் இடம் 1, பூச்சியம் அல்ல.

• 500, 550, 600 எனச் சீராகக் கூடும் சேமிப்புக்கு மீள்செய்கை தேவையில்லை. ‘செக்’ கட்டளையே போதும்.