முதலில் சூடு, பிறகு வெளிச்சம்

கேள்வி: வால்டோர்ஃபில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். கணவருக்கு எஸ்.ஏ.பி.யில் வேலை. போன ஜனவரியில் கடையில் வாங்கிய வரமிளகாயை உடைத்து, விதையைத் தொட்டியில் தூவி ஜன்னலோரம் வைத்தேன். முக்கால்வாசி முளைக்கவே இல்லை. முளைத்த சிலவும் நூல்போல நீண்டு, அடித்தண்டு கறுத்துச் சாய்ந்துவிட்டன. பரமக்குடியில் அம்மா சும்மா தூவிவிட்டுப் போவார், அதுபாட்டுக்கு வரும். இந்தக் குளிர் ஊரில் மிளகாய் வராதா?
- ஒரு வாசகி, வால்டோர்ஃப்

பதில்: தாராளமாக வரும். ஜெர்மனியில் கொஞ்சம் வெதுவெதுப்பான பகுதி என்றால் உங்கள் ரைன் சமவெளிதான். கோடை வந்துவிட்டால் வெயில் விழும் பால்கனியே போதும். சிக்கலெல்லாம் அதற்கு முந்தைய மாதங்களில்.

மிளகாய் விதை முளைக்கச் சூடுதான் வேண்டும், வெளிச்சம் அவசியமில்லை. முளைத்த பிறகு கதை மாறிவிடும். வெளிச்சம் நிறைய வேண்டும், சூடு சற்றுக் குறையலாம். பரமக்குடியில் இரண்டையும் வெயிலே பார்த்துக்கொள்கிறது. வால்டோர்ஃபில் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

மண் 25 முதல் 28 டிகிரி இருந்தால் நம் சாதாரண மிளகாய் ஒன்றிரண்டு வாரத்தில் தலைகாட்டும். காந்தாரி இன்னும் தாமதிக்கும். ஜனவரி இரவில் ஹீட்டரைக் குறைத்ததும் ஜன்னலோர மண் சில்லிட்டுப்போகும். ஈரத்தில் கிடந்து விதை அழுகும். அறைச் சூட்டை நம்பாமல் சமையல் தெர்மாமீட்டரை மண்ணில் குத்திப் பாருங்கள். தரைக்கு அடியில் ஹீட்டிங் ஓடும் வீடென்றால் தொட்டியைத் தரையிலேயே வைக்கலாம். இல்லாவிட்டால் நாற்றுக்கென்று விற்கும் சூட்டுப் பாயை வாங்கிவிடுங்கள். விதையை ஓர் இரவு வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டு மூடினால் போதும். இங்குள்ள தோட்டக்காரர்கள் சிலர் காமில்லன் (கெமோமில்) டீயில் ஊறவைப்பார்கள். எனக்குத் தண்ணீரே போதும்.

கடை வரமிளகாய் எத்தனை வருடப் பழசு, வெயிலில் காய்ந்ததா, இயந்திரச் சூட்டில் காய்ந்ததா என்று யாருக்கும் தெரியாது. இரண்டு மூன்று வருடம் போனாலே முளைப்புத்திறன் இறங்கும். அதிகச் சூட்டில் காய்ந்தால் கரு செத்தே போகும். பத்து விதையை ஈர டிஷ்யூவில் மடித்து, டப்பாவில் போட்டுச் சூடான இடத்தில் வையுங்கள். ஆறேழாவது முளைத்தால் விதைக்கலாம். ஒட்டுரகமாக இருந்தால் தாயின் குணம் அப்படியே வராது என்பதையும் மனதில் வையுங்கள்.

‘அம்மாவிடமே கேட்டால் என்ன?’ என்று தோன்றும். உங்கள் ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, ஆசை வராமலா இருக்கும்! ஆனால் 2019 டிசம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரும் விதைக்குப் பயிர் நலச் சான்றிதழ் வேண்டும். பெட்டியில் வைக்கும் சின்னப் பொட்டலத்துக்கும் இதே சட்டம்தான். ஜெர்மனியிலேயே விதைப் பாக்கெட் வாங்குவது மேல்.

இனி, சாய்ந்த நாற்றுகள். அது நாற்றழுகல், மண்ணில் இருக்கும் பூஞ்சைகளின் வேலை. எரு கலந்த தொட்டி மண், ஓயாத ஈரம், காற்றில்லாத மூடி மூன்றும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். விழுந்த நாற்று எழாது, அந்த மண்ணோடு தூக்கிப் போடுங்கள். விதைப்புக்கென்றே ‘ஆவுஸ்ஸாட்-ஏர்டே’ என்று சத்துக் குறைந்த மண் விற்கிறார்கள், அதை வாங்குங்கள். தண்ணீரைத் தட்டில் ஊற்றி அடியிலிருந்து உறிஞ்சவிடுங்கள். முளை தெரிந்ததும் மூடியை எடுத்துவிடுங்கள்.

நூல்போல நீண்டது வெளிச்சப் பஞ்சத்தால். ஜனவரியில் உங்கள் ஊர்ப் பகல் எட்டு ஒன்பது மணி நேரம்தான், அதிலும் பாதி நாள் மேகம். நாற்று விளக்கு இருந்தால் தினம் 14 மணி நேரம் எரியவிட்டு, அறையை 20 டிகிரி அளவில் வையுங்கள். விளக்கு இல்லையா? மார்ச் நடுவில் விதையுங்கள். ஜனவரி விதைப்பு ஹாபனேரோ போன்ற மந்தமான இனங்களுக்குத்தான். நம் மிளகாய் மார்ச்சில் போட்டாலும் ஆகஸ்டில் காய்க்கும்.

ஏப்ரல் வெயிலைப் பார்த்து ஏமாந்து செடியை இரவில் வெளியே விட்டுவிடாதீர்கள். மே 11 முதல் 15 வரை வரும் ‘ஐஸ்ஹைலிகன்’ எனும் குளிர் நாட்களை அக்கம்பக்கத்தில் விசாரித்தால் சொல்வார்கள். கடைசி நாளான ‘கால்ட்டே சோஃபி’ கழியும்வரை உறைபனி பயம் உண்டு. அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே பகலில் நிழலில் சில மணி நேரம் வைத்துப் பழக்குங்கள். பிறகு செடிக்கு ஒன்றாகப் பத்து லிட்டர் தொட்டி.

மிளகாய் பல வருடம் வாழும் செடி. இரவில் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் முன், நல்ல செடி ஒன்றைக் கவாத்து செய்து வீட்டுக்குள் எடுத்துவிட்டால், அடுத்த வருடம் விதைக்கும் வேலை பாதி மிச்சம்.